மெத்தூசலாவின் ஞானஸ்நானம்

எப்சிபாய் டீச்சர் மீது எங்கள் சபையில் இரண்டு புகார்கள் இருந்தன. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை என்பது முதல் புகார். கற்றுக்கொடுத்துவிட்டார் என்பது இரண்டாவது. முதல் புகார் ஆறேழு வருடம் ஓடியும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது ஒரே வாரத்தில் அவரிடமிருந்து வகுப்பைப் பிடுங்கிவிட்டது.

நான் அந்தச் சபையில் ஆர்மோனியம் வாசித்தவன். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை. அதனால் கமிட்டிக்காரர்கள் பேசியதெல்லாம் எனக்குக் காதில் விழுந்தது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்சிபாய் பிறந்தது தாராபுரம் பக்கம். படித்தது மிஷன் போர்டிங்கில், எட்டாவது வரைக்கும். அந்த போர்டிங்கில் காலையில் வசனம் ஒப்பித்தால்தான் கூழ். ஒரு சொல் தப்பினால் மறுவேளை வரைக்கும் பட்டினி. "மேய்ப்பரைப் பத்துன வசனத்தை யாராச்சும் படிச்சா எனக்கு இன்னும் வயிறு கிள்ளுமுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். தாழ்ச்சியில்லாமல், ஒரு குறையும் வைக்காமல் நடத்துகிற மேய்ப்பரைப் பற்றி வெறும் வயிற்றோடு ஒப்பித்த பிள்ளை அவர். வளர்ந்த பிறகு ஒப்பித்தல் என்றாலே அவருக்குப் பிடிக்காமல் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தார். கணவர் பஞ்சு அரவை மில்லில் எடை போடுபவர். எப்சிபாய் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். செக்கிங் என்றால், தைத்து முடிந்த பனியனுக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பது. எங்காவது நூல் அறுந்திருந்தால் விரலில் படும். கண்ணை நம்பினால் ஓட்டை தப்பிவிடும், கையைத்தான் நம்ப வேண்டும் என்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையை அவர் மூடி வைக்கவும் இல்லை, ஊர் முழுக்கச் சொல்லி அழவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாலர் வகுப்பை மட்டும் யார் கேட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

எங்கள் கோயில் சின்னது. பாலர் வகுப்பின் சத்தத்தில் பெரியவர்களுக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை என்று பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சுப்பண்ணன் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவர் பருத்தி விவசாயி, வருடம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுப்பவர். தம்முடைய பருத்திக் கிடங்கை ஞாயிறுதோறும் வாடகையில்லாமல் திறந்துவிட்டார். கிறிஸ்தவத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. "சின்னஞ்சிறுசுக சேந்து பாடுனா எலி நிக்காதுங்க" என்றார். பாட்டைக் கேட்டு எலிகள் போயினவா, மனந்திரும்பினவா தெரியாது. கிடங்கு மட்டும் எங்களுக்குக் கிடைத்தது.

அந்தக் கிடங்கில் எப்சிபாய் பிள்ளைகளுக்கு எதையும் வாயால் மட்டும் சொல்லவில்லை. புளித்த மாவு முழு மாவையும் உப்ப வைப்பதுபோல் பரலோக ராஜ்யம் என்று வேதத்தில் வருகிறதே, அதற்காகச் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட்டு இட்லி மாவு கரைக்க வைத்தார். ஆளாளுக்குக் கை விட்டுக் கலக்கினார்கள். ஞாயிறு காலை பார்த்தால் மாவு பொங்கிப் பானை மூடியைத் தூக்கி வைத்திருந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டது. பிறகு இட்லி அவித்துச் சாப்பிட்டார்கள். ஒரு பையன் வீட்டுக்குப் போய், பரலோகம் இட்லி மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டான். சபைச் செயலாளர் நீதிநாதன் கொதித்துப்போனார். தாசில்தார் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தலைப்பு எழுதி அடிக்கோடு போடாத எதையும் அவர் படிப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை.

இன்னொரு வாரம் பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் கழுவினார்கள். அதில் ஒரு சிறுமி வீட்டுக்குப் போய், குடித்துவிட்டு வந்த அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்துக் கால் கழுவிவிட்டாளாம். அவர் அன்றைக்கு வீட்டில் யாரையும் அடிக்கவில்லை. இதைக் கமிட்டியில் யாரும் எடுத்துப் பேசவில்லை. இட்லியைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஞானஸ்நானப் பாடம் வந்தபோது எப்சிபாய் கம்பெனி வேஸ்ட் துணியில் ஒரு பொம்மை செய்துகொண்டு வந்தார். தேங்காய்த் தொட்டியில் தண்ணீர். பிள்ளைகள் முறை வைத்து ஐயராக நின்றார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒருவர் ஐயர், இரண்டு பேர் ஞானத்தாய் ஞானத்தகப்பன், மீதிப் பேர் சபை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரையும் சொல்லி மூன்று தரம் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்க வேண்டும். "தண்ணி வேணும், அந்த மூணு பேரு வேணும், நெசமாவே நம்போணும். இம்புட்டுத்தான் கண்ணுகளா" என்று எப்சிபாய் சொல்லிக்கொடுத்தார். பொம்மைக்குச் சபையில் இருந்த அத்தனை பேருடைய பெயரும் வைத்தாகிவிட்டது. கடைசியில் அது நைந்து, உள்ளே அடைத்த துணியெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு எப்சிபாயை, ஐயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பிள்ளைகளைப் பாடிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஐயர் வேதமாணிக்கமும் நீதிநாதனும் இருந்தார்கள். ஆர்மோனியப் பெட்டியும் அந்த அறையில்தான், அதன் கிழிந்த துருத்தியை ஒட்டிக்கொண்டு நானும் இருந்தேன்.

"உங்க வகுப்புல ஒரு பிள்ளைக்காவது ஒரு விஷயம் முழுசாத் தெரியுங்களா? எதைக் கேட்டாலும் முழிக்குதுக. நீங்க போறீங்க, வர்றீங்க, வெளையாடறீங்க" என்று நீதிநாதன் ஆரம்பித்தார்.

எப்சிபாய் தலை குனிந்து நின்றார். நீதிநாதன் அரைமணி நேரம் பேசினார். அந்த அரைமணி நேரத்தில், கிடங்குக்கு வெளியே மாட்டுத் தொட்டியருகில், பிள்ளைகள் ஒரு விஷயத்தை முழுசாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

சுப்பண்ணனுக்கு இரண்டு வயதுப் பேரன் ஒருவன் உண்டு, தண்டாயுதபாணி. பாட்டுச் சத்தம் கேட்டால் வீட்டில் நிற்க மாட்டான் என்று அவன் அம்மா கண்ணம்மாள் ஞாயிறுதோறும் அவனைக் கிடங்கில் விட்டுவிட்டுப் போவாள். அவளுக்கு முதலில் பிறந்த குழந்தை ஒரு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அதனால் இவன் தும்மினாலே அவள் முகம் வெளுத்துவிடும். "இவன் நூறு வருசம் இருக்கோணும் சாமி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

எப்சிபாய் திரும்பி வந்தபோது பையன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் தேங்காய்த் தொட்டியோடு லேயாள். ரயில்வே கேங் கூலி ஒருவருடைய மகள், ஆறு வயது.

"டீச்சர், பேரு வெச்சாச்சுங்க" என்றாள். "பொம்மை கிழிஞ்சு போச்சுங்க. இவன் இருந்தானுங்க."

"என்ன பேரு கண்ணு வெச்சீங்க?"

"மெத்தூசலாங்க. அவங்கம்மா நூறு வருசம் கேட்டாங்க. இந்தப் பேருதானுங்களே ரொம்ப வருசம்?"

வேதத்தில் எல்லோரையும்விட நெடுநாள் இருந்தவர் மெத்தூசலா. ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எப்சிபாய்க்கு முதலில் சிரிப்பு வந்ததாம். அப்புறம் யாருடைய பேரன் என்று நினைவு வந்து, அவசர அவசரமாக முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாராம். பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கண்ணம்மாள் பையனைக் கூட்டிப்போக வந்தாள். எப்சிபாய் ஒன்றையும் மறைக்காமல் நடந்ததைச் சொல்லி, பெயருக்கு அர்த்தத்தையும் சொன்னார். கண்ணம்மாள் பையனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

செய்தி கோயிலுக்கு எட்டி, அன்று பிற்பகலே கமிட்டி கூடியது. தோட்டத்துக்காரர் ஆட்களோடு வருவார், கிடங்கு போகும், கோயிலுக்கே ஆபத்து, பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஊரே திரளும் என்று ஆளுக்கொரு பயத்தைச் சொன்னார்கள். அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவு பண்ணிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நீதிநாதனுக்குப் பட்டது. சின்னப் பிள்ளைகள் செய்தது, எங்காவது ஒரு பிழை இருக்காதா? லேயாளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

"எந்தப் பேரால ஊத்துனே?"

அவள் மூன்று பெயரையும் வரிசை மாறாமல் சொன்னாள்.

"எத்தனை தரம்?"

"மூணு வாட்டிங்க."

"ஞானத்தகப்பன், ஞானத்தாய் யாராச்சும் நின்னாங்களா?"

"நின்னாங்க. அவனை நல்லா வளக்கறோம்னு சொன்னாங்க. ஞானத்தாயா நின்ன கிரேஸ் மட்டும் கொஞ்சம் சிரிச்சுப்போட்டாளுங்க. அப்பறம் மறுக்காச் சொல்லச் சொன்னனுங்க."

அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்விகளுக்குத் திணறியிருப்பார்கள். காலையில் எதுவும் தெரியாமல் இருந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலத்துக்குள் எல்லாம் தெரிந்திருந்தது. நீதிநாதனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

தண்ணீர் மாட்டுத் தொட்டித் தண்ணீர் ஆயிற்றே என்று ஒருவர் கிளப்பினார். யோர்தான் ஆற்றில் ஒட்டகங்கள் தண்ணீர் குடிக்காமலா இருந்தன என்று இன்னொருவர் மடக்கினார். ஐயர் இல்லாமல் எப்படிச் செல்லும் என்றார் நீதிநாதன். மூலையிலிருந்து ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார். "போன லெந்து நோன்புக் காலத்துல நம்ம ஐயரே பிரசங்கத்துல சொன்னாங்களே, ஆபத்து நேரத்துல விசுவாசி யார் கொடுத்தாலும் செல்லும்னு." ஐயர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்முடைய பிரசங்கத்தை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று தெரிந்து ஒரு போதகர் அத்தனை வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை சுப்பண்ணன் கோயிலுக்கு வந்தார். தனியாக வரவில்லை, கண்ணம்மாளும் பையனும் கூட. கையில் தடி இல்லை. பெரிய தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி, ஒரு சேலை. வேட்டி ஐயருக்கு, சேலை டீச்சருக்கு. ஐயர் ஆள் அனுப்பி எப்சிபாயையும் வரவழைத்தார். அன்று மாலை நான் பாட்டு ஒத்திகைக்காக வந்திருந்தேன்.

"பையனுக்கு இங்க பேரு வெச்சிருக்கீங்கனு மருமவ சொன்னாளுங்க" என்றார் சுப்பண்ணன். "பழனியில மொட்டை அடிச்சோமுங்க. காது குத்துனோமுங்க. இங்கயும் ஒரு காரியம் நடந்துபோச்சு. செய்யறதை முறையாச் செஞ்சுபோடலாம்னு வந்தோமுங்க. மீதி என்ன சடங்கு இருக்குதோ சொல்லுங்க, காணிக்கை வெச்சுப்போடறோம்."

ஐயர் திகைத்துப்போனார். சண்டைக்கு வருகிறவரைச் சமாளிக்க மூன்று நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தவருக்குத் தாம்பாளத்தை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. செல்லும் என்று சொன்னால் பையன் கிறிஸ்தவன் ஆகிறான். அது இந்தக் குடும்பத்துக்குப் புரியவில்லை. புரிந்த நாளில் என்ன ஆகும்? மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அன்றைக்கு எங்கள் சபையில் பயப்படாதவர்களை எண்ண ஒரு கை விரல்கள்கூட முழுக்கத் தேவைப்பட்டிருக்காது.

"அது ஒண்ணுமில்லீங்க" என்றார். "பிள்ளைக சும்மா வெளையாடுனதுங்க. தண்ணி ஊத்தி வெளையாடியிருக்குதுக. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லீங்க."

கண்ணம்மாள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "அப்ப அந்தப் பேரு செல்லாதுங்களா? ஆயிர வருசம்னாங்களே?"

"செல்லாதுங்க அம்மிணி."

அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சுப்பண்ணன் தாம்பாளத்தைத் தூக்கினார். "சரிங்க. உங்களுக்குச் செல்லாட்டிப் போகுதுங்க. ஊட்டுல நாங்க கூப்புட்டுக்கறோம்" என்றார். அதை எப்சிபாய் கையில் கொடுத்தார். கிடங்கைப் பற்றி யாரும் கேட்காமலே, "ஞாயித்துக்கெழமை தெறந்துதான் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோயில் தப்பியது, கிடங்கு தப்பியது, ஐயர் தப்பினார். மீதி இருந்தது எப்சிபாய். ஐயர் அவரிடம் தணிந்த குரலில்தான் பேசினார். "ஞாயித்துக்கிழமை பிள்ளைககிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க, நீங்க செஞ்சது வெறும் வெளையாட்டுன்னு. செயலாளர் வந்து கேட்டுக்குவாரு. அப்பறம் வகுப்பு எப்பவும்போல உங்ககிட்டயே இருக்கட்டும்."

சனிக்கிழமை, கம்பெனி விட்டு வந்துகொண்டிருந்த எப்சிபாயை வழியில் பார்த்தேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன்.

"சொல்றனுங்க. சொல்லாட்டி வகுப்பு போயிருமுங்க. அதுக இல்லாம எனக்கு ஞாயித்துக்கெழமையே கெடையாதுங்க" என்றார். பத்தடி நடந்துவிட்டு நின்று, "சொல்லிப்போட்டு, அப்பறம் அதுககிட்ட வேற என்னத்தைச் சொல்லிக்குடுக்கறதுங்க?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர், நீதிநாதன் இரண்டு பேரும் கிடங்கு வாசலில் நின்றார்கள். அவர்கள் பின்னால் நானும் நின்றேன். பிள்ளைகள் பருத்தி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். எப்சிபாய் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தார், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கண்ணுகளா, போன வாரம் தம்பிக்குத் தண்ணி ஊத்துனீங்களே... அது வந்து... ஐயரு சொல்றாங்க, அது வெறும் வெளையாட்டாமா."

லேயாள் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஊத்துனதுங்க டீச்சர்?"

"உனக்கு ஊத்துனது ஐயரு! அது நெசம்" என்று வாசலிலிருந்தே நீதிநாதன் சொன்னார்.

"நானும் அதேதானுங்களே சொன்னேன். ஐயரு சொன்னதுல ஒரு சொல்லும் உட்டுப்போடலீங்களே" என்றாள் அவள். அவளுக்கு உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. "அவனுக்குச் சும்மான்னா, எனக்கும் சும்மாங்களா?"

ஐயர் தரையைப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவரைப் பெங்களூர் வரைக்கும் அனுப்பிப் படிக்க வைத்திருந்தார்கள்.

எப்சிபாய் லேயாளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "இல்லை கண்ணு. உன்றது நெசம். தம்பிக்கு நீ ஊத்துனதும் நெசந்தான். நெசமா இருக்கப்போய்த்தான் பெரியவங்க பயந்துட்டாங்க."

அதோடு வகுப்பு போயிற்று. மறுவாரத்திலிருந்து நீதிநாதனே பாலர் வகுப்பை எடுத்தார். பிள்ளைகளைக் கிடங்கிலிருந்து கோயிலுக்குள் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார். இப்போது அவர்கள் சத்தம் போடவில்லை, அதனால் பெரியவர்களின் ஜெபத்துக்கும் இடைஞ்சல் இல்லை. கிடங்குக்கு எலிகள் திரும்பி வந்துவிட்டதாகச் சுப்பண்ணன் வருத்தப்பட்டார். எப்சிபாய் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசிப் பாயில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் எழுந்து போவார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் விழாவில் வசனப் போட்டி வைத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய ஐயர் தலைமை தாங்க வந்திருந்தார். லேயாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீண்ட அதிகாரம் ஒன்றை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. முதல் பரிசு அவளுக்குத்தான். நீதிநாதன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பரிசைக் கொடுத்த பெரிய ஐயர் குனிந்து, "இதுக்கெல்லாம் அர்த்தம் தெரியுமா பாப்பா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள் லேயாள். "இது ஒப்பிக்கறதுங்க. அர்த்தமெல்லாம் முன்னால டீச்சர்கிட்ட இருந்தப்பத்தானுங்க."

சபை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளைகள் இப்படித்தான் வேடிக்கையாக ஏதாவது சொல்லும் என்று பெரிய ஐயரும் சிரித்தார். நீதிநாதன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். கடைசிப் பாயில் எப்சிபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அடுத்த பாட்டுக்கு நான் ஆர்மோனியத்தைத் தொடங்க வேண்டும், ஐயர் இரண்டு தரம் சைகை காட்டினார். எனக்குக் கை வரவில்லை.